பதினாலும் பதினஞ்சும்

பயப்படுறவ நர்ஸ் வேலைக்கு வரக்கூடாதுன்னு எங்க மேடம் அடிக்கடி சொல்லுவாங்க. நான் சொல்றேன், பயப்படாதவதான் வரக்கூடாது. அன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு எனக்குப் பயமே இல்ல. அதுதான் வினை.

அப்ப நான் நர்சிங் ரெண்டாம் வருஷம். காலைல ஆறுலேருந்து எட்டரை வரைக்கும் ஆண்கள் வார்டுல வேலை, அப்புறம் வகுப்பு. அன்னைக்கு வகுப்புக்குப் பதிலா வைவா, வாய்மொழித் தேர்வு. மேடத்துக்கு நாங்க வச்ச பேரு தெர்மாமீட்டர். பக்கத்துல வந்து நின்னாலே நமக்குச் சூடு ஏறிடும். ஏற்கெனவே நான் ரெண்டு மெமோ வாங்கியிருந்தேன். ஒண்ணு, நிஜத் தெர்மாமீட்டரை உடைச்சதுக்கு. இன்னொண்ணு, ரவுண்ட்ஸ்ல டாக்டரை எதிர்த்துப் பேசினதுக்கு. வாய் கொஞ்சம் நீளம் எனக்கு, என்ன பண்றது? மூணாவது வந்தா பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்க அம்மா என்னடான்னா, "எம்மக நர்ஸு"ன்னு தெரு பூரா இப்பவே சொல்லி வச்சாச்சு.

வார்டுல இருபது கட்டில். நோயாளிகளுக்குப் பேரெல்லாம் இருக்கும், நாங்க கூப்பிடுறதில்ல. "அஞ்சுக்கு டிரிப் முடியப் போகுது", "பதினொண்ணு வாந்தி எடுத்துட்டார்", "எட்டு இன்னைக்கு வீட்டுக்குப் போறார்". இப்படித்தான் பேச்சு. கையில கட்டுற பேர்ப் பட்டி தீர்ந்து ரெண்டு வாரமாச்சு. ஸ்டோர்ல கேட்டா "வரும், வரும்"னாங்க. ஃபைல் கட்டில் காலடியில ஒரு கொக்கியில தொங்கும். கட்டில் நம்பரைப் பார்த்தோமா, ஃபைலைப் பார்த்தோமா, வேலையை முடிச்சோமான்னு போயிட்டே இருப்போம்.

பதினாலு, பூட்டு ரிப்பேர் பண்றவர். வயித்து வலின்னு வந்து ஒன்பது நாள். ஒரு நாள் மருந்து அலமாரிச் சாவி தொலைஞ்சு நாங்க தவிச்சப்போ, என் ஹேர்பின்னை வாங்கி ரெண்டே திருப்புல திறந்து குடுத்தார். "திறந்தேன்னு வெளிய சொல்லிடாதே பாப்பா, அப்புறம் என்னைத் திருடன்னுடுவாங்க"ன்னு சிரிச்சார். தினம் அவர் முதுகைத் துடைச்சு விடுறது நான்தான். பதினஞ்சு, லாரி டிரைவர். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிப்போய்ச் சேர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி அவருக்கு இன்சுலின், இருபது யூனிட்.

பதினாலாம் கட்டில் கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்துச்சு. அந்தக் கதவு ராத்திரியெல்லாம் படார் படார்னு அடிக்கும். "மூணு நாளாக் கண்ணை மூடல பாப்பா"ன்னார் அன்னைக்குக் காலைல பூட்டுக்காரர். அவருக்கு ரெண்டு மணிக்கு ஸ்கேன், முந்தின ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி கூடக் கிடையாது. முகமே வாடிப்போயிருந்துச்சு. பக்கத்துல லாரிக்காரர் உடனே, "எனக்கு அந்தக் கட்டிலைக் குடும்மா, மணிக்கு நாலு தடவை ஓடுறேன். வண்டியை வாசல்லயே நிறுத்தின மாதிரி இருக்கும்"னார்.

ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு மாத்திட்டேன். யாரையும் கேக்கல. தலையணை, போர்வை, ஃபிளாஸ்க், செருப்பு, பல் செட்டு வச்ச டப்பா வரைக்கும் மாத்தினேன். மணி எட்டரை ஆயிடுச்சு. புண்ணியம் பண்ணிட்ட நெனப்புல வைவாவுக்கு ஓடினேன்.

என் முறை வர்றதுக்குப் பதினொண்ணே முக்கால் ஆச்சு. ஃபோனையெல்லாம் வாங்கிப் பூட்டி வச்சிருந்தாங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் மேடம். முதல் நாலு கேள்விக்கு டாண் டாண்னு சொன்னேன்.

"மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன சரிபார்க்கணும்?"

"சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு..."

"நில்லு. சரியான நோயாளின்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"பேரைக் கேக்கணும் மேடம். ஃபைலோட ஒத்துப் பார்க்கணும். ஃபைலை..."

ஃபைல்! அடிப்பாவி. ஃபைல் ரெண்டும் கொக்கியிலயே தொங்குது.

லாரிக்காரரோட இன்சுலின் எழுதின ஃபைல் பூட்டுக்காரர் கட்டில்ல தொங்குது. அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. முந்தின ராத்திரியிலேருந்து பட்டினி வேற. வெறும் வயித்துல இருபது யூனிட் இறங்கினா ஆள் அப்படியே போயிடுவார். சுவர்க் கடிகாரத்துல பன்னெண்டாக அஞ்சு நிமிஷம். ஊசி போடுற நேரம் பதினொண்ணரை. எப்பவும் இருக்குற சிஸ்டரா இருந்தா முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிருப்பாங்க. அன்னைக்கு அவங்க லீவு. வேற வார்டு சிஸ்டர்தான் பார்த்துக்குறாங்க, அவங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது.

"என்ன, மறந்துடுச்சா?"ன்னாங்க மேடம்.

அப்பவே சொல்லியிருக்கணும். மேடம் அங்கேருந்தே வார்டுக்கு ஃபோன் பண்ணியிருப்பாங்க. சொல்லல. மூணாவது மெமோ கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஒருவேளை இன்னும் ஊசி போடலைன்னா சத்தமில்லாம ஃபைலை மாத்தி வச்சிடலாம், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாதுன்னு என் புத்தி போச்சு. நெனச்சா இன்னைக்கும் என்னை நானே அறையணும் போல இருக்கு.

"பாத்ரூம் போகணும் மேடம்."

"எழுந்து போனா ஃபெயில். தெரியுமில்ல?"

எழுந்து போயிட்டேன்.

ரெண்டு மாடி இறங்கி, நீள வராந்தா தாண்டி, திரும்ப ஒரு மாடி ஏறணும். லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் ஏத்திக்கிட்டிருந்தாங்க. படியிலயே ஏறினேன். வராந்தாவுல பூட்டுக்காரரோட மக கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "ஏன் சிஸ்டர் ஓடுறீங்க? அப்பாவுக்கு ஸ்கேன் கூப்பிட்டாங்களா?"ன்னு கேட்டா. அவ முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியல. தெய்வமே, இன்னைக்கு மட்டும் சாப்பாட்டு வண்டி லேட்டா வந்திருக்கணும், ஊசி லேட்டாகியிருக்கணும்னு வேண்டிக்கிட்டே ஓடினேன்.

சாப்பாட்டு வண்டி சரியான நேரத்துக்கே வந்திருந்துச்சு. பதினாலாம் கட்டில்ல லாரிக்காரர் சம்மணம் போட்டு உக்காந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குஷியா, "பாப்பா, புது சிஸ்டர் எனக்கு இன்னைக்கு ஊசிக்கு லீவு விட்டுட்டாங்க! ஊசி எங்கன்னு நானாப் போய்க் கேப்பேனா?"ன்னார்.

பதினஞ்சைச் சுத்தித் திரை இழுத்திருந்துச்சு.

உள்ள போனேன். பூட்டுக்காரர் உடம்பெல்லாம் வேர்வை, சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கை வெடவெடன்னு ஆடுது. கண்ணு திறந்திருக்கு, ஆனா எங்கேயோ பார்க்குது. தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தார். சிஸ்டர் ஒரு கையில நாடியும் இன்னொரு கையில ஃபைலுமா நின்னாங்க.

"நல்லவேளை வந்தே. காலைல சர்க்கரை இருநூத்தி எண்பத்தாறு, நாலு இட்லி சாப்பிட்டிருக்கார்னு எழுதியிருக்கு. ஊசி போட்டு அரை மணிகூட ஆகல. அதுக்குள்ள சர்க்கரை இறங்காது. எனக்கென்னவோ ஹார்ட்டுன்னு தோணுது. கீழ ஓடிப்போய் ஈசிஜி மெஷினை எடுத்துட்டு வா."

ஆக, ஊசி உள்ள போயிடுச்சு. ஸ்கேனுக்குப் போடுறாங்கன்னு நெனச்சு அவரும் கையை நீட்டியிருப்பார்.

மெஷின் கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த வார்டுல எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா நான் தொலைஞ்சேன். வாயைத் திறக்குறேன், காத்துதான் வருது. டாக்டர்கிட்ட எதிர்த்து நின்னு பேசின வாய் அது.

சிஸ்டர் அவர் கன்னத்துல தட்டினாங்க. "ஐயா, இங்க பாருங்க! உங்க பேர் என்ன? பேரைச் சொல்லுங்க!"

அவர் உதடு அசைஞ்சுது. நாக்கு குழறிக் குழறி வந்துச்சு.

"பதி... பதினாலு."

"பினாத்துறார்"னாங்க சிஸ்டர். "பேர் கேட்டா நம்பர் சொல்றார். கட்டில் நம்பரையும் தப்பாச் சொல்றார். இன்னும் நிக்குறியே, ஓடு!"

"இல்ல சிஸ்டர்." என் குரல்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. "சரியாத்தான் சொல்றார். அவர் பதினாலுதான். நான்தான் காலைல கட்டிலை மாத்தினேன். ஃபைலை மாத்தல. அவருக்குச் சர்க்கரையே கிடையாது சிஸ்டர், நேத்து ராத்திரியிலேருந்து பட்டினி."

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அவர் விரல்ல குத்திச் சர்க்கரை பார்க்குற மெஷின்ல வச்சாங்க. முப்பத்தொண்ணு. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து.

அப்புறம் அவங்க கை பறந்துச்சு. குளுக்கோஸ் மருந்தை உடைச்சு சிரிஞ்ச்ல இழுத்து, "கையைப் பிடி"ன்னாங்க. நான் அவர் கையைப் பிடிச்சேன். வேர்வையில வழுக்கிக்கிட்டே போச்சு. நரம்பு கிடைக்கல. ரெண்டாவது தடவையும் கிடைக்கல. அவர் கண்ணு மேல சொருகுது. "ஐயா, ஐயா"ன்னு கத்தினேன். அதுக்கு மேல கூப்பிட என்கிட்ட பேர் இல்ல. ஒன்பது நாளா முதுகு துடைச்சவளுக்கு அந்த மனுஷன் பேர் தெரியல. மூணாவது தடவை ரத்தம் சிரிஞ்சுக்குள்ள வந்துச்சு. சிஸ்டர் மெதுவா அழுத்தினாங்க.

ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ, எனக்கு ஒரு யுகம். முதல்ல கை நடுக்கம் நின்னுச்சு. அப்புறம் கண்ணு கீழ இறங்கி என் மேல வந்து நின்னுச்சு.

"ஐயா, உங்க பேர் என்ன?"ன்னு நானே கேட்டேன்.

அவர் யோசிச்சார். சிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தப் பேரு பாப்பா? இங்க கூப்பிடுறதா, வீட்டுல கூப்பிடுறதா?"

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் அங்கேயே தரையில உக்காந்து ஓன்னு அழுதேன். "வீட்டுல கூப்பிடுறது"ன்னேன். சொன்னார். பக்கத்துக் கட்டில்லேருந்து அவர் ஃபைலை எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு ஒத்துப் பார்த்தேன். சரியா இருந்துச்சு.

வராந்தாவுல இருந்த மகளைக் கூட்டிட்டு வந்து நடந்ததை என் வாயாலயே சொன்னேன். அவ என்னைத் தாண்டிப் போய், அப்பா தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டா. அறைஞ்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

மூணாவது மெமோ மறுநாளே வந்துச்சு. உண்மையைச் சொன்னதால உயிர் பிழைச்சுதுன்னு சிஸ்டர் எழுதிக் குடுத்தாங்க. அதனால வீட்டுக்கு அனுப்பல, ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளினாங்க. என் ஜூனியர்களோட உக்காந்து அதே மேடத்துக்கிட்ட அதே கேள்விக்குப் பதில் சொன்னேன்.

இப்ப நர்ஸாகி ஏழு வருஷம். ஊசியைக் கையில எடுத்தா இன்னும் பயம் வரும். வரட்டும். பேரைக் கேக்காம ஒரு சொட்டு மருந்து குடுக்குறதில்ல. வீட்டுலயும் அதே கதைதான். ராத்திரி அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன்.

"பேர் என்ன?"

"பெத்தவ பேரு மறந்துபோச்சாடி உனக்கு? ஊர்ல யாராவது இப்படிக் கேப்பாங்களா?"

"மறக்கல. சொல்லும்மா."

நல்லாத் திட்டிட்டு, அப்புறம் அம்மா பேரைச் சொல்லுவாங்க. மாத்திரை அட்டையில நான் எழுதி ஒட்டியிருக்குற பேரோட ஒத்துப் பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் உள்ளங்கையில வைப்பேன்.