இரண்டு கம்பிகளில் சிவப்புத் துணி

சிவப்புத் துணி ஒரு கம்பியில்தான் இருக்க வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு அண்ணி வேனை விட்டு இறங்கிப் பார்த்தபோது இரண்டு கம்பிகளில் இருந்தது.

"நாம ரெண்டா கட்டினோம்?"

"கட்டினது நீங்க. என்னைக் கேட்டா?" என்றாள் ராக்கெட். வேனின் பின்கதவைத் திறந்து ஹெல்மெட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ராக்கெட், அண்ணியின் கணவனுக்குத் தங்கை. மூன்று வாரம் முந்திக்கொண்டு பிறந்தவள் என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வானிலைக் கருவிகளைப் பராமரிக்கும் அந்த ஆபீஸ் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. பதினைந்து வயது மூத்த சூப்பர்வைசர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே குழுவில் ஆறு வருடமாக வேலை செய்கிறார்கள். வீட்டில் நடக்கும் சண்டைகள் வேனில் தீரும், வேனில் நடப்பவை வீட்டில் தீரும்.

இருவரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தார்கள்.

பத்து மீட்டர் உயரக் குழாய் அது. அடியில் ஒரு தொடை கனம்கூட இருக்காது. உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் மூன்று சிறு கிண்ணங்கள். எட்டு நாளாக அவை சுற்றவில்லை. சுற்றிலும் மரங்கள் தலைவிரித்து ஆடியபோதுகூட ஆபீஸ் கணினியில் காற்று பூஜ்யம் என்றே விழுந்திருக்கிறது. கிண்ணங்களை மாற்ற வேண்டும். ஆனால் இந்த மாதிரிக் கம்பத்தில் யாரும் ஏறக் கூடாது. ஏறினால் குழாய் வளைந்துவிடும். கம்பத்தைத்தான் தரைக்குப் படுக்க வைக்க வேண்டும்.

படுக்க வைப்பது அழகான வேலை. கம்பத்தின் அடியில் இரண்டு போல்ட்டுகள் இருக்கின்றன. ஒன்றை உருவினால் மற்றது கீலாகிவிடும். கதவு திரும்புவதுபோலக் கம்பம் அந்தப் பக்கம் சாயும். நாலு திசையிலிருந்தும் நாலு ஸ்டே கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியை மட்டும் அவிழ்த்து, அதன் இடத்தில் வின்ச்சின், அதாவது கையால் சுற்றும் பல்சக்கர உருளையின், கயிற்றை மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரு பக்கவாட்டுக் கம்பிகளும் கம்பம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். கம்பம் ஆள் உயரத்துக்கு இறங்கியதும் இன்னொருவர் கீழே நின்று கம்பத்தைக் கையில் வாங்க வேண்டும். வின்ச் அண்ணியுடையது. வாங்குவது ராக்கெட்.

அப்படி இறக்கும்போது கம்பத்தின் பாரமெல்லாம், கம்பிகளை மண்ணில் பிடித்திருக்கும் நாலு நங்கூரங்களில், வின்ச் மாட்டிய ஒன்றில் மட்டும் தொங்கும். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் மண்ணுக்குள் இடுப்பளவு ஆழத்தில் கான்கிரீட் போட்டிருப்பார்கள். மற்ற மூன்றும் வெறுமனே அடித்த இரும்பு முளைகள். வெளியே பார்த்தால் நாலும் ஒன்றுதான்: புல்லுக்கு நடுவே ஒரு வளையம். எது கான்கிரீட் என்று மறந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கம்பியில் அண்ணி சிவப்புத் துணி கட்டுவாள். அவள் பொறுப்பில் நாற்பத்திரண்டு கம்பங்கள். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா?

இப்போது ஒரு துணி பாதைப் பக்கக் கம்பியில். இன்னொன்று நேர் எதிரே, பம்ப்ஷெட் பக்கக் கம்பியில்.

"நோட்டைப் பாருங்க," என்றாள் ராக்கெட்.

கருவிப் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருந்தது. கடைசியாகக் கம்பத்தை இறக்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. அண்ணியின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது: 'சிவப்புத் துணிக் கம்பியை அவிழ்த்து இறக்கினோம். பிரச்சினை இல்லை.'

ராக்கெட் எட்டிப் பார்த்தாள். "ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க."

"அப்ப ஒரு துணிதாண்டி இருந்துச்சு."

"சரி, எனக்கு ஞாபகம் இருக்கு. நான் கம்பத்தை வாங்கறப்போ முகத்துல வெயில் அடிச்சுது."

"காலையிலயா, சாயங்காலமா?"

ராக்கெட் யோசித்தாள். "சாப்பிட்டதுக்கு அப்புறம். இல்ல... சாப்பிடலை, பசிச்சுது."

அண்ணி இரண்டு துணிகளையும் போய்ப் பார்த்தாள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று தெரிந்தால் போதும். இரண்டும் ஒரே அளவுக்கு வெளுத்திருந்தன. முடிச்சைப் பார்த்தாள். அவளுடைய முடிச்சு: இரண்டு சுற்று, ஒரு சொருகல். பம்ப்ஷெட் பக்கமும் அதே இரண்டு சுற்று, ஒரு சொருகல். தன்னையே யாரோ நகலெடுத்து எதிரே நிறுத்தியதுபோல இருந்தது.

பம்ப்ஷெட்டிலிருந்து பம்ப்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த ஷெட் இல்லை. அவரும் அங்கே வேலையில் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அட, அது நான் கட்டினதும்மா. கம்பி கண்ணுக்கே தெரியலை. ரெண்டு தடவை வண்டியோட போய் மாட்டிக்கிட்டேன். அதான் துணி கட்டினேன்."

அண்ணிக்கு மூச்சு வந்தது. "எந்தக் கம்பியில கட்டினீங்க?"

"பாதையோரம் இருந்ததுல."

"அப்ப பம்ப்ஷெட் பக்கம் இருக்கறதுதான் என்னுது," என்று அண்ணி ராக்கெட்டைப் பார்த்தாள். ராக்கெட் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இருங்க," என்றார் பம்ப்காரர். தலையைச் சொறிந்தார். "நான் கட்டறப்போ பாதை இந்தப் பக்கமா போச்சா? ஷெட் கட்ட ஜல்லி கொட்டினாங்க இல்ல, அப்பத்தானே பாதையை அந்தப் பக்கம் மாத்தினாங்க. நான் கட்டினது ஜல்லிக்கு முன்னயா, பின்னயா..."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"யோசிக்க யோசிக்க ரெண்டும் சரியா இருக்கும்மா."

"துணி எங்க வாங்கினீங்க?" என்று ராக்கெட் கேட்டாள்.

"வாங்கலையே. அந்தப் பக்கம் ஒரு கம்பியில நீளமா ஒண்ணு சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. பாதி கிழிச்சுக்கிட்டேன். முடிச்சும் நல்லா இருந்துச்சு, அதே மாதிரி போட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அந்தப் பக்கம்னா?"

அவர் ஒரு கையை நீட்டினார். பிறகு மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அண்ணி ஆபீஸுக்குப் போன் போட்டாள். சூப்பர்வைசர் படத்தைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"கான்கிரீட் மேல இருக்கு அண்ணி."

"மேலன்னா எந்தப் பக்கம் சார்?"

"படத்துக்கு மேல."

"வடக்கு எதுன்னு அம்புக்குறி இருக்கா?"

காகிதம் சலசலத்தது. "இல்லையே. காபி சிந்தின கறை இருக்கு. அதுக்கு அடியில இருந்திருக்கலாம். ஏன், போன தடவை இறக்கினது நீங்கதானே?"

போனை வைத்துவிட்டு அண்ணி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒருபக்கம் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல இருந்தது. மறுபக்கம் திரும்பினால் அதே தெளிவு அங்கேயும் இருந்தது. பாதைப் பக்கம் கான்கிரீட் என்றால் கம்பத்தைப் பம்ப்ஷெட் பக்கம் சாய்க்க வேண்டும். ஆனால் ஷெட்டுக்குப் புதிதாக மின்கம்பி வந்திருக்கிறது. டேப்பை எடுத்து, கம்பத்தடியிலிருந்து மின்கம்பிக்கு நேர் கீழே வரை தரையில் அளந்தாள். பதினாலு மீட்டர். இடிதாங்கியோடு சேர்த்துக் கம்பம் பதினொன்று. அவர்கள் வேலையில் கணக்கு ஒன்றரை மடங்கு. பதினாறரை மீட்டருக்குள் மின்கம்பி இருந்தால் அந்தப் பக்கம் சாய்க்கவே கூடாது.

"நடுவுல மூணு மீட்டர் இருக்கே," என்றாள் ராக்கெட்.

"ஒழுங்கா மடங்கினா மூணு மீட்டர். கீல் பிச்சுக்கிட்டுத் துள்ளினா? ஸ்டே கம்பி அறுந்து வீசினா? ஒன்றரைன்னு சும்மாவா வச்சிருக்காங்க?"

"சரி, அந்தப் பக்கம் வேணாம். அப்ப பாதைப் பக்கம் சாய்ப்போம். வின்ச்சை ஷெட் பக்கம் மாட்டுங்க. அங்கதான் கான்கிரீட் இருக்கணும்."

"ஏன் இருக்கணும்?"

"இல்லன்னா இறக்கவே முடியாதே."

இது காரணமே இல்லை என்று அண்ணிக்குத் தெரிந்தது. ஆனால் எங்கே தப்பு என்று சட்டென்று சொல்ல வரவில்லை. காலையிலிருந்து நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, அதில் இரண்டு பேர் அவளே என்பதுபோல இருந்தது. ராக்கெட் கடப்பாரையை ஷெட் பக்க வளையத்துக்குள் கொடுத்து நெம்பிக் காட்டினாள். வளையம் அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"தோண்டிப் பாத்துடலாமா?" என்றார் பம்ப்காரர்.

"நிக்கற கம்பத்தோட நங்கூரத்துல கை வைக்கக் கூடாதுண்ணே. மண்ணை எடுத்தா முளையோட பிடியும் சேர்ந்து போயிடும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் சந்தேகம் இல்லை. பம்ப்காரரை மின்கம்பிக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னாள். பிறகு, "சரி, மாட்டு," என்றாள்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை கையில் ஓட ஆரம்பித்தது. ஷெட் பக்க வளையத்தில் வின்ச் ஏறியது. கயிறு கம்பத்துக்குப் போய் விறைத்தது. ஸ்டே கம்பியை இறுக்கி வைத்திருக்கும் டர்ன்பக்கிளை ராக்கெட் திருகித் தளர்த்தினாள். பாரம் கம்பியிலிருந்து கயிற்றுக்கு மாறும்போது கம்பம் ஒருமுறை சிலிர்த்து நின்றது. அடி போல்ட்டை உருவியாயிற்று. ராக்கெட் பாதைப் பக்கம் போய், கம்பத்துக்கு நேரே, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க."

அண்ணி வின்ச்சில் இரண்டு பல் விட்டாள். கம்பம் ஒரு சாண் சாய்ந்தது. வளையம் கல்லுப்போல இருந்தது.

"நான் சொன்னேன்ல?"

இன்னும் இரண்டு பல். வளையம் அப்படியே. அண்ணி கைப்பிடியைப் பிடித்தபடி வளையத்தையே பார்த்தாள். கயிறு லேசாகத்தான் இழுத்தது, ஒரு வாளித் தண்ணீர் அளவு. அதுதான் அவளை உறுத்தியது. நேராக நிற்கும் கம்பம் தன் பாரத்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டிருக்கும். கயிற்றுக்குக் கொடுப்பது துளிதான். சாயச் சாயத்தான் காலிலிருந்து கயிற்றுக்கு மாறும். படுக்கிற நேரத்தில் மொத்தமும் கயிற்றில் இருக்கும். இப்போது அசையாத முளை, பாதியில் அசையும். பாதியில் அசைந்தால் திருப்பித் தூக்கவும் முடியாது, விடவும் முடியாது. கம்பத்துக்குக் கீழே அப்போது ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள்.

வளையம் அசையாதது எதையுமே சொல்லவில்லை. கடப்பாரையும் எதையும் சொல்லவில்லை. காலையிலிருந்து யாருமே எதையும் சொல்லவில்லை.

"வெளிய வா," என்றாள்.

"என்னாச்சு?"

"பக்கவாட்டுல வெளிய வா. கம்பத்துக்கு நேரா நிக்காத."

"அண்ணி, எல்லாம் சரியாத்தானே போகுது."

"போகுதுடி. அதான் புரியலை. நீ வெளிய வா."

ராக்கெட் வந்தாள், முணுமுணுத்துக்கொண்டே. அண்ணி நாலு பல்லையும் திரும்ப இழுத்தாள். கம்பம் நிமிர்ந்ததும் போல்ட்டை மாட்டினார்கள், ஸ்டே கம்பியை மாட்டினார்கள், டர்ன்பக்கிளை இறுக்கினார்கள். நாலு கம்பிகளையும் அண்ணி கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் வின்ச்சைக் கழற்றினாள்.

மறுபடி போன்.

"இன்னைக்கு இறக்கலை சார்."

"ஏன், காத்தா? மழையா?"

"ரெண்டும் இல்லை. எந்த நங்கூரம் கான்கிரீட்னு தெரியலை."

"ஷெட் பக்கம் மாட்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு உங்க நாத்தனார் மெசேஜ் போட்டிருக்காளே."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். ராக்கெட் அவசர அவசரமாகப் போனைப் பைக்குள் போட்டாள்.

"நாலு பல்லு விடற வரைக்கும் எந்த முளையும் நல்லாத்தான் இருக்கும் சார். கிரேன் அனுப்புங்க. கம்பத்தை மேலயிருந்து அது பிடிச்சுக்கிட்டாத்தான் நாங்க தோண்டிப் பார்க்க முடியும்."

"கிரேன் அடுத்த வாரம்தான் கிடைக்கும். இன்னும் ஒரு வாரம் காத்து இல்லாம கணக்குக் குடுக்கணும். மேல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"எனக்குக் குழப்பமா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"அப்படியேவா சொல்றது?"

"அப்படியே சொல்லுங்க."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக்கறேன்," என்றார்.

அண்ணி இரண்டு துணிகளையும் அவிழ்த்துப் பையில் போட்டாள். எந்தெந்தக் கம்பியில் துணி இருந்தது என்று நோட்டில் மூன்று வரி எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, 'பாதை' என்று வந்த இடத்தை அடித்துவிட்டு 'கிழக்கு' என்று எழுதினாள். அது கிழக்குதானா என்று சூரியனைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

வேனுக்குப் போகும் வழியில் ராக்கெட் நின்றுவிட்டாள். கம்பத்தடியிலிருந்து பாதைப் பக்கமாக நீட்டி நீட்டி அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினொன்றில் நின்று, திரும்பி, அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் மூன்று கிண்ணங்களும் அசையாமல் இருந்தன.

"இங்கதானே விழுந்திருக்கும்?"

"விழுந்திருந்தா அங்கதான்."

"விழுந்திருக்குமா?"

"தெரியலை. ஷெட் பக்கம் கான்கிரீட்டாவே இருந்திருக்கலாம். இந்நேரம் கிண்ணத்தை மாத்திட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்போம்."

ராக்கெட் அங்கேயே நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றப் போன கையைப் பாதியில் நிறுத்தி, மறுபடி தாடையோரம் வாரை இறுக்கிக்கொண்டு, அந்த இடத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகி நடந்து வந்தாள்.