மூன்றாவது சீட்டும் ஒரு தண்ணீர் வடிகட்டியும்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. அக்கா ஒரு வேலை சொன்னாள். “நீதான் எழுத்தாளனாச்சே. வண்டியில கொண்டுபோற தண்ணி ஃபில்டர் எது நல்லதுன்னு படிச்சுப் பாத்து ஒரு பக்கம் எழுதிக் கொடு.” ஒரு பக்கம்தான் எழுத நினைத்தேன். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டுவிட்டது.

முதல் தொடக்கம்: “செம்புழுதியைக் கிளப்பியபடி அந்த வேன், மனித வாடையே இல்லாத பெருவெளிக்குள்—”

(அடித்துவிட்டேன். எழுதும்போது வேன் பட்டறையில் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது. சக்கரமே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: “நீரிலுள்ள மாசுகள் பலவகைப்படும்.”

(இதை எழுதிவிட்டு நானே கொட்டாவி விட்டேன். நீங்கள் பாவம்.)

மூன்றாவது: “அக்காவுக்குத் தாகம்.”

இது இருக்கட்டும்.

2

அக்கா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங்கை விட்டாள்; டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நோயில் ஊசியைவிடக் கொடுமை தண்ணீர்க் கணக்கு. காலையில் மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு சின்ன பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பார். அன்றைக்கு முழுவதும் அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்தே. வெயில் காலத்தில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நாங்களெல்லாம் சமையலறைக்குள் ஒளிந்துபோய்த்தான் தண்ணீர் குடிப்போம், என்னவோ திருடுகிற மாதிரி.

பிறகு ஒரு மாற்றுச் சிறுநீரகம்* கிடைத்தது. பொருந்தியும் விட்டது. இனிமேல் நீங்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அறிவித்தாள்: ஒரு பழைய வேன் வாங்க வேண்டும், தார்ச்சாலை முடிகிற இடத்துக்கும் அப்பால் போக வேண்டும். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்ட மாதிரி இருந்தவளுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக்டர் உடனே தலையாட்டவில்லை. சிறுநீரகம் ஒட்டுவதற்குத் தருகிற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாம். ஒரு வாய் கெட்ட தண்ணீர் போனாலும் ஆபத்து. அங்கே என்ன தண்ணீர் குடிப்பீர்கள் என்று வந்து சொல்லுங்கள், அப்புறம்தான் போகலாமா வேண்டாமா என்று சொல்வேன் என்றார்.

ஆக, இந்தக் கதையின் சிக்கல் அதுதான். வடிகட்டி சரியாக அமைந்தால் அக்கா போவாள். இல்லாவிட்டால் வீட்டு ஜன்னலோரம்தான்.

* அது என்னுடையது. ஆசிரியன் தன் உறுப்புகளைப் பற்றி அடிக்குறிப்பில் பேசுவதே அடக்கம்.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மாமாவை நான் அதிகம் பேசாத மனிதராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கனம் கிடைக்குமே என்றுதான். அக்கா வரைவைப் படித்துவிட்டு, “இது யாருடா, என் புருஷன் பேர்ல?” என்றாள். உண்மையில் மாமா வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஃபிரிட்ஜ் மெக்கானிக். வடிகட்டி வாங்கப்போனவர் ஒவ்வொரு வகையிலும் ஒன்று இரவல் வாங்கிவந்து பட்டறை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு முழுப் பகல் பேசினார்.

சுருக்கித் தருகிறேன். பீங்கான் மெழுகுவர்த்தி மாதிரி இருப்பது நன்றாக வடிகட்டும். வண்டி குலுங்கினால் விரிசல் விடும், விட்டதே தெரியாது. நுண்ணிய நார்க்குழாய் வைத்தது வேகம். ஆனால் வைரஸ் நழுவிப் போய்விடும். புற ஊதா விளக்கு வைரஸையும் விடாது; ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளும். ஆர்.ஓ. ஒரு குடம் தருவதற்கு அதற்கும் மேலாகத் தரையில் கொட்டும். வறண்ட பூமிக்கு அதைக் கொண்டுபோவது பசித்தவன் வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டிப்போவது மாதிரி.

பேசி முடிவாகாததால் பரீட்சை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குட்டையிலிருந்து மாமா ஒரு வாளி மொண்டுவந்தார். எல்லாவற்றிலும் வடித்து, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, எது எது என்று எழுதி அடியில் ஒட்டி, இடம் மாற்றி வைத்தார். அக்கா வாய் வைக்கக் கூடாது, அவள் நடுவர். நானும் மாமாவும் ருசி பார்க்க வேண்டும்.

(ருசி பார்த்து வைரஸைக் கண்டுபிடிக்க முடியாது என்று உங்களுக்குத் தெரிகிறது. எங்களுக்கு அப்போது தெரியவில்லை. உற்சாகம்.)

இருவரும் ஒரே டம்ளரைக் காட்டினோம். “இதுல ஒரு இனிப்பு இருக்கு,” என்றார் மாமா. “மலை ஊற்று மாதிரி,” என்றேன் நான், எழுத்தாளன் ஆயிற்றே. அக்கா டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அது ஃபில்டரே பார்க்காத குட்டைத் தண்ணீர். மாமா எந்த ரிப்பேரிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைத் தொடாமல் பக்கத்தில் வைப்பார்; அப்போதுதான் வித்தியாசம் தெரியும் என்பது அவர் தொழில் பழக்கம். துணியில் வடித்து அதையும் வரிசையில் வைத்தவர், வைத்ததையே மறந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை விரிவாக எழு—

(வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு கழிவறைதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.)

4

வயிறு அடங்கியதும் மூவரும் டாக்டரிடம் போனோம். நடந்ததைக் கேட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: முதலில் எதில் வேண்டுமானாலும் வடிகட்டுங்கள், அதன் பிறகு நன்றாகக் கொதிக்க வையுங்கள். கொதித்து ஆறியதைத் தவிர வேறெதையும் இவர் குடிக்கக் கூடாது. கேஸ் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்?

அத்தனை ஆராய்ச்சியும் கடைசியில் அடுப்பில் வந்து நின்றது. நார்க்குழாய் ஃபில்டர் ஒன்று, பெரிய பாத்திரம் ஒன்று, கூடுதலாக ஒரு கேஸ் சிலிண்டர். மாமா வேனுக்குள் ஏறி டேப்பால் அளந்தார். கட்டில், தண்ணீர்த் தொட்டி, மருந்து வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ், எல்லாம் போக சிலிண்டருக்கு ஓர் இடம்தான் மிச்சம். அங்கே மூன்றாவது சீட் இருந்தது. அது என் சீட். இந்தப் பயணத்தை எழுதவென்று நான் புதுப் பேனாகூட வாங்கியிருந்தேன்.

வாயாடி மாமா வாயைத் திறக்கவில்லை. (அப்படியானால் முதலில் நான் எழுதிய மாமாவும் முழுப் பொய்யில்லை.) அக்கா வேறெங்கோ பார்த்தாள். நான் ஸ்பானரை எடுத்து சீட்டின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“நீ வராம எப்படிடா?” என்றாள் அக்கா.

“நான்தான் முதல்ல ஏறி உக்காந்துட்டேனே, உன் வயித்துக்குள்ள. என்னைக் குலுக்காம பாத்து ஓட்டு.”

அவள் அழுதாள், சிரித்தாள். நானும்தான்.

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார்.

5

முடிவுகள்.

அ) ஆளில்லாத வெளியில் அடுப்பு அணைகிறது. அக்கா வறண்ட உதடுகளோடு அடிவானத்தை—

(எழுத மாட்டேன். விமர்சகர்கள் பாராட்டுவார்கள், தெரியும். என் சிறுநீரகத்தை வைத்து யாரும் இலக்கியம் பண்ண வேண்டாம்.)

ஆ) போகிற இடமெல்லாம் மழை கொட்டுகிறது, வடிகட்டியே தேவைப்படவில்லை.

(அப்புறம் நான் எதற்கு சீட்டைக் கழற்றினேன்?)

இ) அக்காவே வரைவைப் படித்துவிட்டுச் சொன்னது: “நாங்க இன்னும் கிளம்பவே இல்ல. அதுக்குள்ள நீ என்ன முடிக்கறது?”

நியாயம்தான். நாளைக் காலை கிளம்புகிறார்கள். எனக்கு இடமில்லை, அதனால் முடிவும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வாசகருக்கு சீட் தேவையில்லையே. நீங்கள் போய் வாருங்கள். வேனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள், பாறை நிழலிலோ வற்றிய ஆற்றின் ஓரத்திலோ. தண்ணீர் கொதித்து ஆறும்வரை மட்டும் பொறுத்திருங்கள்.

ஆறியதும் அக்கா சொம்பைத் தூக்குவாள். அப்போது யாரும் அளவு பார்க்க வேண்டாம். மாமாவையும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், பழக்கதோஷம், பார்த்துவிடுவார்.