பட்டை தெரிந்தது யார் கண்ணுக்கு?

பல் டாக்டரம்மா பல வாரமாகத் தன் சின்னத் தொலைநோக்கியோடு ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தின் பின்னால் அலைந்தாள். நடுவில் பட்டை ஓடும் சுருள் மண்டலம் அது. கண்ணாடியில் ஊதிய மூச்சுக்காற்றுபோல அத்தனை மங்கல். நேராகப் பார்த்தால் காணாமல் போகும். ஓரக்கண்ணுக்குத்தான் கொஞ்சம் பிடிகொடுக்கும். கடைசியில் ஒருநாள் பட்டை தெரிந்தே விட்டது. பென்சிலால் வரைந்து வானியல் ஆர்வலர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

செயலாளர் படத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தன் ஃபைலில் செருகினார்.

"ஃபோட்டோ பாத்து வரைஞ்சீங்களா? உங்ககிட்ட இருக்குற தொலைநோக்கிக்கு ஒரு பொட்டு தெரிஞ்சாலே பெரிசும்மா."

கூட்டம் சிரித்தது. நாள் முழுக்க அடுத்தவரை வாய் திறக்கச் சொல்பவளுக்கு அன்று தன் வாய் திறக்கவில்லை. காரில் ஏறியதும்தான் வெடித்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாருங்க!"

"விடு, அந்தாளுக்கு வாய்க்கொழுப்பு," என்றான் கணவன்.

அவள் விடவில்லை. ஃபோன் போட்டு, "நீங்களே வந்து பாருங்க சார்," என்றாள்.

ஓர் இரவு, ஊருக்கு வெளியே அவள் தொலைநோக்கி வைத்திருந்த வெட்டவெளிக்குச் செயலாளர் வந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்லையே!"

"செல்ஃபோனை உள்ள வைங்க. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்."

அவர் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினாள். கணவன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். வெகுநேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து, "அட... கோடு மாதிரி..." என்று குரல் வந்தது. அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லாமல் மனிதர் கிளம்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "அருமையான கேலக்ஸி ஒண்ணைப் பிடிச்சேன். சின்னத் தொலைநோக்கியிலயே பட்டை தெரிஞ்சுது!"

அவள் விருட்டென்று எழுந்தாள். "யாரோட தொலைநோக்கி சார்?"

"யாரோடதா இருந்தா என்னம்மா? பாத்தது என் கண்ணுதானே?"

"போன தடவை என் கண்ணு பொய். இப்ப உங்க கண்ணு மட்டும் சத்தியமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "அவங்க வரைஞ்ச படம் எங்க சார்?" என்றார் பொருளாளர்.

செயலாளர் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "அவங்கதான் காட்டினாங்க. படமும் சரிதான். நான் அவசரப்பட்டுட்டேன்."

பொருளாளர் அவர் ஃபைலிலிருந்து படத்தை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

திரும்பும்போது கணவன் கேட்டான், "அதான் ஒத்துக்கிட்டாரே, இன்னும் ஏன் உர்ருனு இருக்க?"

"அவர் ஒத்துக்கிட்டாரு. அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல ஒருத்தராவது வந்து ஒரு வார்த்தை பேசினாங்களா?"

அன்று சிரித்த கூட்டத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான். வண்டியைக் கிளப்பினான்.