முப்பது டெராபைட்டுக்கு ஒரு மாலை

ஒரகடத்தில் இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் செய்யும் எங்கள் பிரஸ் ஷாப்பில் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் பழைய ஹார்டு டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. உள்ளே தட்டு சுழலும் சாமான் இந்தத் தரையில் எத்தனை நாள் தாங்கும்? சுழல எதுவுமே இல்லாத எஸ்எஸ்டி வேண்டும், அதுவும் முப்பது டெராபைட் வேண்டும் என்று நச்சரித்து வாங்க வைத்தேன். விலையைப் பார்த்த மேனேஜர் நரசிம்மனுக்கு மயக்கம் வராத குறை.

"பூர்ணிமா, இது சொதப்பிச்சுன்னா கேமராவைக் கழட்டிடுவேன். நீ பேக்கிங்குக்குப் போய்டு."

கேமரா என் குழந்தை. லைனில் போகும் ஒவ்வொரு பிராக்கெட்டையும் படம் பிடித்து, துளைகள் சரியா என்று பார்த்து, படத்தை அந்த எஸ்எஸ்டி டிரைவில் சேமிக்கும். பின்னால் யாராவது குறை சொன்னால் அதுதான் சாட்சி. எங்களிடம் வாங்கும் கார் கம்பெனியின் இன்ஜினியர் விமல்ராஜ் பார்த்துச் சரி என்றால்தான் கேமரா நிலைக்கும். ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

லைன் முழு வேகத்தில் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஜோராக ஓடியது. பிறகு படங்கள் டிரைவுக்குள் போகாமல் வரிசை கட்டித் தேங்கின. லைன் நின்றது. நான் திரைக்கு ஓடினேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் நரசிம்மன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே சிலர் வேலைக்கு வருகிறார்கள்.

"டிரைவ் போச்சா?" என்று கேட்டார் விமல்ராஜ்.

"போகலை சார். கொஞ்சம் டைம் குடுங்க."

திரையில் பிழை எதுவும் இல்லை. டிரைவின் சூடு மட்டும் எண்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இந்த டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பூஜைக்கு முன்பு அது ஐம்பதைத் தாண்டியதே இல்லை. டிரைவ் இருந்த இரும்புப் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். காற்றுத் துளைகள் அத்தனையிலும் சந்தனம். அதற்குமேல் தடித்த சாமந்தி மாலை.

"இன்னாக்கா இது? யாரு வேலை?" என்று ஆபரேட்டர் மரகதத்திடம் பாய்ந்தேன். அவர் பக்கத்து வடக்குப்பட்டுக்காரர், எதற்கும் அசராதவர்.

"நம்ம மேனேஜர் சார்தாம்மா. மத்த மெஷினுக்கெல்லாம் பட்டை போட்டுட்டு, இதுக்கு மட்டும் வூட்டுச் செவுத்துக்குப் பூசற மாரி பூசிக்கினே இருந்தாரு. வெல ஜாஸ்தி, கண்ணு பட்டுடும்னாரு."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாலையை எடுத்து நரசிம்மன் கையிலேயே கொடுத்தேன். பெட்டியின் பின்மூடியைக் கழற்றியதும், மரகதம் அதைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் அடிப்பிடித்த பாத்திரத்தைப் போலத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

சூடு எழுபதுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது, ஐம்பதுக்கும் கீழே போனது. தேங்கி நின்ற படங்களை டிரைவ் மளமளவென்று விழுங்கியது. விமல்ராஜ் லேசில் விடவில்லை. எல்லா பிரஸ்ஸையும் ஒரே சமயத்தில் ஓட்டச் சொன்னார். தரையோடு சேர்ந்து என் பல்லும் ஆடியது. டிரைவ் அசரவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் பிராக்கெட் எண்ணிக்கையையும் படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. காலையில் அத்தனை சூட்டில் திணறியபோதுகூட ஒரு படத்தையும் அது தவறவிடவில்லை, என் ராஜாத்தி! ஜூலையில் செய்த ஒரு பிராக்கெட்டைக் காட்டச் சொன்னார். எண்ணைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் படம் வந்து நின்றது.

"இனிமே கையால செக் பண்ண வேணாம். இந்த கேமராவே போதும்" என்றார் விமல்ராஜ்.

மரகதம் விசில் அடித்தார். எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நரசிம்மன் தொண்டையைச் செருமினார். "மத்த மூணு லைனுக்கும் இதே டிரைவ், இதே கேமரா போட்டுடு. ஹெட் ஆபீஸ்ல வெலைய நான் பேசிக்கறேன். நாலு லைனுக்கும் நீதான் இன்சார்ஜ்."

"பிரஸ் சத்தத்துல கேக்கல சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

பிரஸ் எல்லாம் நின்று வெகுநேரமாகியிருந்தது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் சொன்னார், ஷாப் முழுக்கக் கேட்கும்படி.