மாற்றிப் போட்ட பாபின் கேஸ்

கமருன்னிசாவின் மகள் ருக்சானாவுக்குக் குன்னூரில் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குளிருக்குத் தன் கையாலேயே ஒரு பஞ்சுப் போர்வை தைத்து அனுப்ப வேண்டும் என்று கமருன்னிசாவுக்கு ஆசை. யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தாள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் மெல்லிய வாயில் துணி. மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ கல்யாணத்துக்குச் சீராக வந்த கறுப்புக் கால்மிதித் தையல் மிஷின். எண்ணெய் விட்டுச் சுத்தம் செய்து வரட்டும் என்று அதைச் சிவகாசி பஜாரில் ஜெயபாண்டியின் தையல் மிஷின் கடைக்கு அனுப்பினாள்.

“இதுலயா போர்வை தைக்கப் போறீக? ஆகாதுக்கா,” என்றான் அவன் போனில். “இதைத் தள்ளிவிட்டுட்டு மோட்டார் மிஷின் எடுங்க. நானே தாரேன்.”

“நீ சர்வீஸ் மட்டும் பண்ணு தம்பி. ஆகுமா ஆகாதான்னு நான் தைச்சுப் பாத்துக்கிடுதேன்.”

மிஷின் பளபளவென்று திரும்பி வந்தது. துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தால் அடிநூல் கொத்தாகச் சிக்கியது. தையல் விட்டு விட்டு விழுந்தது. மூடியை நகர்த்தி, அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கும் கேஸை வெளியே எடுத்தாள். தகரம் போல லேசாக இருந்தது. அவளுடையதில் ஓரத்தில் ‘க’ என்று கீறியிருக்கும். தையல் வகுப்பில் மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க அவளே ஊசியால் கீறியது. இதில் எதுவும் இல்லை.

அச்சகங்களுக்குக் காகிதம் சப்ளை செய்யும் அவள் கணவர் அப்துல் ஹலீம் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். “ஒரு பாபின் கேஸ்தானே, விடு கமரு. வேற வாங்கித் தாரேன். நாளைக்கும் அவன் முகத்துல முழிக்கணும்.”

“மாத்துனவன் அவன். கூச்சம் மட்டும் எனக்கா?”

கைகழுவக் கூட அவருக்குத் தண்ணீர் எடுத்துத் தராமல் கிளம்பிவிட்டாள்.

கடையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் நாகஜோதி என்ற பெண் நின்றிருந்தாள். அவள் கொண்டுவந்திருந்ததும் அதேபோல ஒரு பழைய மிஷின். “இதுக்கு இனிமே சாமான் கிடைக்காதும்மா, பழசுக்குப் போட்டுட்டுப் போங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஜெயபாண்டி.

கமருன்னிசா புதுக் கேஸை மேசையில் வைத்தாள். “என்னோடதைக் குடு.”

“எல்லாம் ஒண்ணுதான்க்கா.”

“ஒண்ணுன்னா எதுக்கு மாத்துன?”

“கடைப் பையன் தெரியாம மாத்திருப்பான்.”

“எந்தப் பையன்? இங்கன நீ ஒருத்தன்தான இருக்க.”

கண்ணாடிப் பெட்டிக்குள் ‘ஒரிஜினல்’ என்று எழுதிய டப்பாவில் பழைய கேஸ்கள் கிடந்தன. “அதை எடு,” என்றாள். அவன் கை நகரவில்லை. அவளே கதவைத் தள்ளி டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டி, ‘க’ கீறியதை எடுத்து நாகஜோதியிடம் காட்டினாள்.

“பழசு ஆகாதுன்னு நம்மகிட்டச் சொல்லுதான். பழசைக் கழட்டி ஒரிஜினல்னு விக்கிதான்.”

நாகஜோதி மற்ற கேஸ்களையும் ஒருமுறை பார்த்தாள். “அண்ணே, என் மிஷினை ஆட்டோவுல ஏத்திவிடுங்க.”

“அக்கா, வெளிய சொல்லிராதீக,” என்றான் ஜெயபாண்டி தாழ்ந்த குரலில்.

“சொல்லுவேன். இந்த டப்பாவுல எம்புட்டுப் பேரோடது கிடக்கு?”

வீட்டுக்கு வந்ததும் தன் கேஸை மிஷினில் மாட்டினாள். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து ஊக்குகளால் கோத்தாள். காலண்டர் அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். தடித்த ஊசி மாட்டி, தையலின் நீளத்தைக் கூட்டி, துணியை அழுத்தும் பாதத்தின் பிடியைத் தளர்த்தி, நடுக்கோட்டிலிருந்து மிதித்தாள். அடிநூல் சிக்கவில்லை. ஆனால் போர்வையின் கனம் மேசையிலிருந்து கீழே இழுத்ததில் தையல் கோணியது.

ஹலீம் வந்து பார்த்தார். “குடுத்துட்டானா?”

“நானே எடுத்துட்டு வந்தேன்.”

அவர் போர்வையின் தொங்கிய பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

“இழுக்காதீக,” என்றாள் அவள், கோபம் தணியாமலே. “சும்மா தாங்கிக்கிட்டா போதும்.”

அடுத்த கோடு நேராக விழுந்தது.