கன்னியம்மன் கோயில் வீரை

2024ஆம் ஆண்டு ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை காலை, மாடம்பாக்கத்தை அடுத்த சிறு காப்புக்காட்டில் வீரை மரங்களின் கணக்கெடுப்பு முடிவடைந்தது. பத்தொன்பது மரங்கள், பத்தொன்பதும் ஆண். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் பழுத்துச் சிவக்கும் மாதம் இது. காட்டுக்குள் ஒரு மரத்திலும் பழமில்லை.

கணக்கெடுத்த சந்திரிகா பட்டியலை மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அவள், பல ஆண்டுகளாகத் தன் விடுமுறைகளை இந்தக் காட்டுக்கே கொடுத்திருந்தாள். தாய்மரம் இல்லையென்று அறிக்கை போனால், வனத்துறை வெளி மாவட்டத்து நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டுவிடும். இந்த மண்ணில் தானாக முளைத்து வந்த வம்சம் அத்தோடு முடிந்துபோகும்.

"ஒண்ணு இருக்கே, சந்திரி," என்றாள் உடன் வந்த தோழி ஜோசலின். "காட்டோரத்துல, கன்னியம்மன் கோயில்ல. செக்கச்செவேல்னு பழுத்து நிக்குது. நீதான் முதல் நாளே கணக்குல வராதுன்னுட்ட."

"சிமென்ட் மேடைக்குள்ள நிக்குது, ஜோஸ். நட்ட மரம். தானா முளைச்சதைத்தான் எண்ணணும்."

"உன் கல்யாணத்துலயே ஐயரோட மந்திரத்துல தப்பு கண்டுபிடிச்சவ நீ. உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?"

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆசைக்காக ஒரு மரத்தைக் காட்டு மரம் என்று எழுத அவளுக்குக் கை வராது. கேட்டாவது பார்ப்போம் என்று கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பொன்னியம்மாள், உதிர்ந்த பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மரத்தை யாரு நட்டாங்க?"

பொன்னியம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா இப்டி கேக்குற? மரத்த யாரு நட்டாங்க? அது பாட்டுக்கு காட்டோட காடா நின்னுகினு இருந்துச்சு. எங்க மாமனாரு அம்மனத்தான் தூக்கியாந்து நட்டாரு. மேடை அப்பறம் கட்னது."

சந்திரிகாவும் ஜோசலினும் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக் கைகோக்க முயன்றார்கள், எட்டவில்லை. மெல்ல வளரும் வீரை இத்தனை பருக்க வேண்டுமென்றால், மாமனார் பிறக்கும் முன்பே அது நின்றிருக்க வேண்டும். மேடையைப் பார்த்த கண், முதல் நாள் மரத்தைப் பார்க்கவில்லை.

"ஆக, நட்டது சாமியை. அதுக்கு ஒண்ணும் விதி இல்லையே, மேடம்?" என்று ஜோசலின் அவள் தோளை இடித்தாள்.

சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழத்தையெல்லாம் என்னம்மா பண்றீங்க?" என்றாள்.

"அம்மன் மரத்துல கை வெக்கக் கூடாது. வுழுந்தத சருகோட கொளுத்திடுவேன்."

"ஐயோ, கொளுத்தாதீங்க!"

"இதுக்கு ஏம்மா அலர்ற? மூட்டை கட்டி வெக்கிறேன், எட்த்துனு போ. ஆனா நம்பர் போடுறேன்னு ஆணி கீணி அடிச்ச, பேஜாரா பூடும், சொல்ட்டேன்."

ஜூலை மாதம் வனத்துறை அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில், கோயில் வீரை இருபதாவது காட்டு மரமாகச் சேர்க்கப்பட்டது. வெளியூர் நாற்றுகள் வேண்டாம் என்றும், பொன்னியம்மாள் கூட்டிவைக்கும் பழங்களிலிருந்து சந்திரிகாவே நாற்று வளர்த்துக் காட்டுக்குள் நடுவது என்றும் முடிவாயிற்று. எண் தகட்டை ஆணியால் அடிக்காமல், மஞ்சள் கயிற்றில் கட்டுவதற்கும் அனுமதி கிடைத்தது.