அருகே அழைக்கப்பட்டவர்

தடால்! நாற்காலி பின்னால் சாய, அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணி? மூச்சு வாங்கத்தானே நிறுத்தினேன்?"

"நிறுத்தாதீங்க தம்பி. வாசிச்சுட்டே இருங்க."

கொழுந்தன் விட்ட வரியை விரலால் தேடினான். அச்சகத்தின் இதே மாடியறையில், இதே ஜன்னலோரம் நின்று வாசித்தபோதுதான் மூன்று வாரத்துக்கு முன் அவன் அண்ணனின் உயிர் போனது.

பதினெட்டு வருஷம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே வேலை. அண்ணன் மூலப் பிரதியை உரக்க வாசிப்பான். அண்ணி தலை நிமிராமல் அச்சுத்தாளைத் திருத்துவாள். அச்சில் விட்டுப்போன வரி காதில் விழுந்தால் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிவிடுவாள். பாதியில் நின்ற வேதச்சொல் அகராதிக்காக இப்போது தம்பி வந்திருக்கிறான். குரலும் அச்சு அசல் அண்ணன் குரல்.

வந்தது அதற்கு மட்டுமல்ல. "கடைசியா யாரையாவது கூப்பிட்டானாடா?" என்று அம்மா தினமும் துளைத்தெடுக்கிறாள். அண்ணியோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

"கமாவை முழுங்காதீங்க தம்பி."

"பசி அண்ணி. அகப்பட்டதை முழுங்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தவள், அடுத்த தாளைத் தொடவே இல்லை. அவன் வாசித்தான்.

"பாராக்ளேட்டோஸ். கிரேக்கச் சொல். அருகே அழைக்கப்பட்டவர் என்று பொருள். யோவான் நற்செய்தியில் தூய ஆவிக்கு இந்தப் பெயர். தேற்றுபவர் என்றால் பாதிதான் சொன்னதாகும். வழக்குமன்றத்தில் தனியே நிற்பவன் கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து நிற்பவர் அவர். முற்றுப்புள்ளி."

பேனா ஓடும் சத்தமே இல்லை. எட்டி அந்தத் தாளை எடுத்தான். ஓரத்தில், என்றோ காய்ந்துபோன முத்து முத்தான சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

"'கிட்ட வா, என்னால நிக்க முடியல.' அண்ணி, இது மூலத்துல இல்லையே! எங்கேருந்து பிடிச்சீங்க?"

"உங்கண்ணன் சொன்னது."

"இல்லாத வரியையா வாசிச்சான்?" என்று சிரித்தவன், அந்த வரியை மறுபடி பார்த்தான்.

அண்ணி ஜன்னலோரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிமிர்ந்தே பாக்கல தம்பி. விட்டுப்போன வரின்னு எழுதிட்டு, அடுத்த வரிக்குக் காத்துட்டிருந்தேன்."